படர்தாமரைதானே என்று விடலாமா? சர்க்கரை, எச்.ஐ.வி., மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர்களைத் தோல் பூஞ்சை கடுமையாகத் தாக்குவது ஏன்? முழு விவரம்

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அந்த ஒரே நாளில் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் மட்டும் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. திண்டிவனம் சாலைகள் மூழ்கின. தென்பெண்ணையில் வெள்ளம் பாய்ந்து ஊர்களுக்குள் புகுந்தது.

வெள்ளம் சில நாளில் வடிந்துவிடும். ஈரம் அவ்வளவு சீக்கிரம் போகாது. நனைந்த துணி, சேற்றில் ஊறிய கால், காயாத பாய், வெயில் படாத வீடு என எல்லாமே பூஞ்சைக்குப் பிடித்த இடங்கள். புயல் வராத வருஷத்திலும் நெல் வயல், கரும்புத் தோட்டம், மரக்காணம் உப்பளம் என்று ஈரத்திலும் வியர்வையிலும் வேலை செய்கிற மக்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அதனால் படர்தாமரை, சேற்றுப்புண் எல்லாம் இங்கே யாருக்கும் புதுசு இல்லை.

"அரிப்புதானே, ஒரு ட்யூப் வாங்கிப் போட்டா போயிடும்" என்பதுதான் பெரும்பாலானவர்களின் எண்ணம். நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் தொல்லையோடு முடிந்துவிடும். ஆனால் உடம்பில் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு அதே பூஞ்சை காலை இழக்கும் நிலைக்கும், சில சமயம் உயிருக்கே ஆபத்தான நிலைக்கும் வழி திறந்துவிடலாம். யாருக்கு ஆபத்து, எப்படிக் கண்டுபிடிப்பது, எதைச் செய்யவே கூடாது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தோல் பூஞ்சை என்றால் என்ன?

பூஞ்சை என்பது பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை. காளான், ரொட்டியில் பூக்கும் பூசணம், மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் எல்லாம் ஒரே குடும்பம். மனிதத் தோலைத் தாக்குபவற்றை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் புரிந்துகொள்வது எளிது.

முதல் வகை, தோல், முடி, நகம் ஆகியவற்றில் இருக்கும் கெராட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்பவை. படர்தாமரை, சேற்றுப்புண்ணில் ஒரு பங்கு, நகப்பூஞ்சை ஆகியவை இவற்றின் வேலை. ஓரம் சிவந்து, நடுவில் தெளிந்து, வட்ட வட்டமாகப் படர்வது படர்தாமரையின் அடையாளம். சில ஊர்களில் இதையே வண்டுகடி என்றும் சொல்வார்கள்.

இரண்டாவது வகை, ஈஸ்ட். கேண்டிடா என்ற ஈஸ்ட் நம் வாயிலும் குடலிலும் சாதாரணமாகவே இருக்கிறது. சமயம் பார்த்துப் பெருகினால் வாயில் வெள்ளைப் படலம், மார்புக்குக் கீழே, தொடை இடுக்கில், கால்விரல் இடுக்கில் சிவந்த புண், பிறப்புறுப்பில் அரிப்பு என்று வெளிப்படும். தேமலும் இன்னொரு ஈஸ்டால் வருவதுதான்.

மூன்றாவது வகை, மண்ணிலும் மக்கிய செடிகொடியிலும் வாழும் பூஞ்சைகள். இவை தோலுக்குள் நுழைவது பெரும்பாலும் காயம் வழியாகத்தான். கறுப்புப் பூஞ்சை என்று 2021-ல் நாம் கேள்விப்பட்டது இந்த வகையைச் சேர்ந்தது.

ஒரு குறிப்பு: தலையில் திடீரென்று வட்டமாக முடி கொட்டி, தோல் வழவழப்பாகத் தெரிகிற புழுவெட்டு பூஞ்சையால் வருவதில்லை. அது உடம்பின் எதிர்ப்பு சக்தியே முடியின் வேரைத் தாக்குவதால் வருவது. பெயரை வைத்து மருந்து போட்டுவிடக் கூடாது.

எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் என்றால் யார்?

எச்.ஐ.வி. மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பட்டியல் இன்னும் நீளம்:

- கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் உள்ளவர்கள்
- எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள், குறிப்பாக இன்னும் சிகிச்சை தொடங்காதவர்கள் அல்லது இடையில் விட்டவர்கள்
- சிறுநீரகம், கல்லீரல் போன்ற உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்
- புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்கள், ரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள்
- மூட்டுவாதம், லூபஸ், ஆஸ்துமா, தோல் நோய் போன்றவற்றுக்கு நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள்
- குறைமாதக் குழந்தைகள், ரொம்ப வயதானவர்கள், ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ளவர்கள்

இதில் ஒரு பிரிவினருக்குத் தங்கள் எதிர்ப்பு சக்தி குறைந்திருப்பதே தெரியாது. கிராமங்களில் "மூட்டு வலிக்கு நல்ல மாத்திரை", "மூச்சுத்திணறலுக்கு உடனே கேக்கிற ஊசி" என்று பெயர் சொல்லாமல் கொடுக்கப்படும் மருந்துகளில் சில நேரம் ஸ்டீராய்டு இருக்கும். முகம் உப்பி, பசி கூடி, வயிறு பெருத்து, தோல் மெலிந்து போனால் அது ஸ்டீராய்டின் பக்க விளைவாக இருக்கலாம்.

இன்னொரு பெரிய பிரிவு சர்க்கரை நோயாளிகள். ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வு 2023-ல் வெளியானபோது நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். அதாவது பெரியவர்களில் ஏழு பேரை எடுத்தால் ஒருவர். ஆகவே இந்தக் கட்டுரை எங்கோ இருக்கும் சிலருக்கானது இல்லை. அநேகமாக உங்கள் வீட்டிலேயே ஒருவருக்கானது.

இவங்களுக்கு மட்டும் ஏன் கடுமையாகிறது?

தோல் ஒரு மதில் மாதிரி. மதிலைத் தாண்டி வருகிற பூஞ்சையை ரத்த வெள்ளை அணுக்கள் மடக்கிப் பிடிக்கின்றன. டி செல்கள் என்பவை "இதுதான் எதிரி" என்று அடையாளம் காட்டிப் படை திரட்டும். நியூட்ரோஃபில் என்ற அணுக்கள் நேரடியாக விழுங்கிக் கொல்லும்.

எச்.ஐ.வி. இந்த டி செல்களை அழிக்கிறது. கீமோதெரபி நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. மாற்று உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கப்படும் மருந்துகள் டி செல்களை வேண்டுமென்றே அடக்கி வைக்கின்றன. சர்க்கரை அதிகமாக இருந்தால் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும். கால் நரம்பும் ரத்த ஓட்டமும் பாதிக்கப்படுவதால் புண் வந்ததே தெரியாது, வந்தால் சீக்கிரம் ஆறவும் ஆறாது.

இதில் ஒரு விசித்திரம் கவனிக்க வேண்டியது. சிவப்பு, வீக்கம், அரிப்பு எல்லாம் பூஞ்சை நேரடியாகச் செய்வதில்லை. அதை எதிர்த்து உடம்பு போடும் சண்டையின் அடையாளங்கள் அவை. சண்டை போட ஆளே இல்லாத உடம்பில் பூஞ்சை பெருகினாலும் சிவப்பு குறைவாக, அரிப்பு குறைவாக, வட்டமே இல்லாமல் இருக்கலாம். "அரிக்கவே இல்லையே, அப்போ ஒண்ணும் இல்லை" என்று இவர்கள் நினைத்துவிடக் கூடாது.

சர்க்கரை நோயாளிகள்: கால்விரல் இடுக்கைப் பாருங்கள்

நான்காவது, ஐந்தாவது கால்விரலுக்கு நடுவே தோல் வெளுத்து, ஊறி, வெடித்திருப்பதைச் சேற்றுப்புண் என்று சொல்கிறோம். பூஞ்சையால் வரும் அந்தச் சின்ன வெடிப்பு பாக்டீரியாவுக்கு வாசல். உள்ளே போனால் கால் முழுக்கச் சிவந்து வீங்கி, காய்ச்சல் வரும். சர்க்கரை கூடுதலாக இருப்பவர்களுக்கு இது சீழ் பிடித்து, எலும்பு வரை போய், விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை வரை போவதுண்டு. அந்தச் சிக்கலின் ஆரம்பம் விரல் இடுக்கில் ஒரு அரை சென்டிமீட்டர் வெடிப்பாகக்கூட இருந்திருக்கலாம்.

நடவு, களை எடுப்பு என்று வெறுங்காலோடு சேற்றில் இறங்குபவர்களுக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு. வேலை முடிந்ததும் கால் கழுவுவார்கள், ஆனால் விரல் இடுக்கைத் துடைப்பதில்லை. கழுவுவதைவிடத் துடைப்பது முக்கியம்.

இன்னொன்று. சர்க்கரைக்கு இப்போது பரவலாக எழுதப்படும் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் கூடுதல் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை தருகிற மருந்துகள்தான். ஆனால் சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் கேண்டிடா தொற்று வரும் வாய்ப்பு கூடும். இந்த மாத்திரை தொடங்கிய பிறகு அந்த இடத்தில் அரிப்பு, எரிச்சல், வெள்ளைப் படிவு வந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சின்னச் சிகிச்சையில் சரியாகும். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். பிறப்புறுப்பைச் சுற்றிக் கடும் வலி, வீக்கம், காய்ச்சல் என்றால் மட்டும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எச்.ஐ.வி.: தோல் முதலில் சொல்லும் செய்தி

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் நடந்த ஆய்வில் அது தெரியவந்தது. அந்தக் காலத்தில் மருத்துவர்களுக்குத் துப்பு கொடுத்தவற்றில் ஒன்று வாய்க்குள் படரும் வெள்ளைப் பூஞ்சைப் படலம். இன்றைக்கும் அது மாறவில்லை.

வேறு காரணமே இல்லாத ஒரு பெரியவருக்கு வாயில் வெள்ளைப் படலம் திரும்பத் திரும்ப வந்தாலோ, படர்தாமரை உடம்பு முழுக்கப் படர்ந்து சிகிச்சைக்கு அடங்காவிட்டாலோ, நகத்தின் வேர்ப்பக்கத்திலிருந்து வெள்ளையாக மாறினாலோ மருத்துவர் சர்க்கரையோடு எச்.ஐ.வி. பரிசோதனையும் எழுதலாம். "என்னைப் போய் சந்தேகப்படறாரே" என்று கோபப்பட வேண்டியதில்லை. அது சந்தேகம் இல்லை, நடைமுறை.

எதிர்ப்பு அணுக்கள் ரொம்பக் குறைந்துவிட்டால் கிரிப்டோகாக்கஸ் போன்ற பூஞ்சைகள் ரத்தம் வழியாகப் பரவும். அப்போது முகத்தில் நடுவில் குழி விழுந்த சின்னச் சின்னக் கொப்புளங்கள் தோன்றலாம். பார்க்க மரு மாதிரி இருக்கும். கூடவே தலைவலியும் காய்ச்சலும் இருந்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். அவசரம்.

நல்ல செய்தியும் உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி.க்கு அரசின் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை 2004 ஏப்ரலில் தொடங்கியது. முதலில் தொடங்கிய மையங்களில் தாம்பரமும் ஒன்று. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு எதிர்ப்பு சக்தி ஏறினாலே பல பூஞ்சைத் தொற்றுகள் அடங்கிவிடும். தோல் நோய்க்கு மட்டும் க்ரீம் போட்டுக்கொண்டு ஏ.ஆர்.டி. மருந்தை விட்டுவிடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பது போல. அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் சிகிச்சை இலவசம். ஆலோசனைக்கு 1097 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களைச் சிகிச்சையில் பாகுபாடு காட்டுவது 2017-ம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டிருக்கிறது.

மாற்று உறுப்பு, கீமோதெரபி: மாத்திரையோடு மாத்திரை மோதினால்?

இது பலருக்கும் தெரியாத ஆபத்து. ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். திண்டிவனத்தைச் சேர்ந்த ஒருவர் சென்னையில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு, டாக்ரோலிமஸ் என்ற மாத்திரை சாப்பிட்டு வருகிறார். இடுப்பில் படர்தாமரை. இதுக்குப் போய் சென்னை வரைக்கும் போகணுமா என்று பக்கத்து மெடிக்கலில் இட்ராகோனசோல் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார்.

என்ன நடக்கும்? டாக்ரோலிமஸை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை இட்ராகோனசோல் தடுத்துவிடும். ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு எகிறும். அது சிறுநீரகத்தையே பாதிக்கும். எந்தச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற மாத்திரை சாப்பிடுகிறாரோ, அதுவே கெட்டுப்போகும். டாக்டர் அளவைக் குறைத்துக் கொடுத்த பிறகு இவராகப் பூஞ்சை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலும் சிக்கல். டாக்ரோலிமஸ் அளவு சரிந்து, உடம்பு அந்த உறுப்பை நிராகரிக்கத் தொடங்கலாம்.

ஃப்ளூகோனசோலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கொழுப்புக்கான சில ஸ்டாட்டின் மாத்திரைகள், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரின், சர்க்கரைக்கான சில மாத்திரைகள் ஆகியவற்றோடும் இவை மோதும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு நேர் எதிராக, பூஞ்சை மாத்திரையின் சக்தியே குறைந்துவிடும். அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் நீங்கள் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை ஒரு கவரில் போட்டுக் கொண்டு போங்கள். பெயர் ஞாபகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அட்டையே சொல்லிவிடும்.

கீமோதெரபி எடுப்பவர்களுக்கு வெள்ளை அணுக்கள் சரிந்திருக்கும் நாட்களில் காய்ச்சலும், கூடவே தோலில் வலிக்கும் சிவந்த தடிப்புகளும் வந்தால் காத்திருக்கவே கூடாது. நடுவில் கறுத்திருந்தால் இன்னும் அவசரம். ரத்தத்தில் பூஞ்சை பரவியிருப்பதன் அடையாளமாக அது இருக்கலாம்.

எல்லோரும் போடும் அந்த ட்யூப்: உண்மையான வில்லன் யார்?

மெடிக்கலில் "அரிப்புக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டால் கிடைக்கும் பல ட்யூப்களில் மூன்று நான்கு மருந்துகள் கலந்திருக்கும். ஒரு பூஞ்சை மருந்து, ஒரு பாக்டீரியா மருந்து, கூடவே வீரியமான ஒரு ஸ்டீராய்டு. போட்ட இரண்டாம் நாளே அரிப்பு நின்றுவிடும். "சூப்பர் மருந்து" என்று பக்கத்து வீட்டுக்கும் சிபாரிசு செய்வோம்.

அரிப்பை நிறுத்தியது ஸ்டீராய்டு. எப்படி? அந்த இடத்தில் உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கி. அதாவது நல்ல ஆரோக்கியமாக இருப்பவரின் தோலிலேயே ஒரு பகுதியை எதிர்ப்பு சக்தி குறைந்த இடமாக அது மாற்றிவிடுகிறது. பூஞ்சை சத்தமில்லாமல் படரும். ட்யூபை நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வரும். தோல் மெலிந்து, வரிவரியாகக் கோடு விழும். தொடை இடுக்கில் விழுந்த அந்தக் கோடுகள் பிறகு மறைவதில்லை. ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி குறைந்தவர் இதைப் போட்டால் பூஞ்சை முடிக்காலின் வழியாகத் தோலுக்குள் ஆழமாக இறங்கிக் கட்டிகளாகவும் மாறலாம்.

இது தெரிந்துதான் 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டுகளின் க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகள் தடை செய்யப்பட்டபோது அவற்றில் சில தோல் க்ரீம் கலவைகளும் இருந்தன. இந்தியத் தோல் மருத்துவர் சங்கமும் இதற்கெனத் தனிக் குழு அமைத்துப் பல வருஷமாகப் பிரசாரம் செய்து வருகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? ட்யூபின் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். க்ளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. படர்தாமரைக்கு அது வேண்டாம்.

பழைய மருந்து இப்போது கேட்காதது ஏன்?

"முன்னெல்லாம் ரெண்டு வாரத்தில் போயிடும், இப்போ ஆறு மாசமா போகலை" என்ற புலம்பலில் உண்மை இருக்கிறது. ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்ற பூஞ்சை இந்தியாவில் வேகமாகப் பரவியிருக்கிறது. இந்தியா, நேபாளத்தைச் சேர்ந்த நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகளை வைத்து 2020-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் இதற்குத் தனிப் பெயர் சூட்டினார்கள். பெயரிலேயே நம் நாடு இருக்கிறது, பெருமைப்பட முடியாத விதத்தில்.

படர்தாமரைக்கு வழக்கமாகக் கொடுக்கும் டெர்பினாஃபின் மருந்து பூஞ்சையின் ஒரு நொதியைக் குறி வைத்துத் தாக்கும். இந்தப் பூஞ்சையில் பலவும் அந்த நொதியின் மரபணுவை மாற்றிக்கொண்டு தப்பிக்கின்றன. 2023-ல் அமெரிக்காவின் நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் இது கண்டறியப்பட்டபோது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் எச்சரிக்கை வெளியிட்டது. அவர்களில் ஒருவர் வெளிநாட்டுக்கே போகாதவர். ஸ்டீராய்டு கலந்த ட்யூப்களும், பாதியில் நிறுத்தப்படும் சிகிச்சையும் இந்தப் பூஞ்சையை வளர்த்துவிட்டதில் பெரும் பங்கு வகித்தன என்பது மருத்துவர்களின் கணிப்பு.

மேல்தோலோடு நிற்காத பூஞ்சைகள்

2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது கறுப்புப் பூஞ்சை நாட்டையே பயமுறுத்தியது. ஜூன் மாத இறுதிக்குள் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டதாக மத்திய அரசு தெரிவித்தது. தமிழ்நாடு அரசு அந்த ஆண்டு மே மாதம் இதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. கொரோனா, கட்டுப்பாடற்ற சர்க்கரை, ஸ்டீராய்டு மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்ததுதான் காரணம். அப்போது பெரும்பாலும் மூக்கும் கண்ணும் பாதிக்கப்பட்டன. ஆனால் இதே பூஞ்சை விபத்துக் காயம், ஊசி போட்ட இடம், தீப்புண் வழியாகத் தோலிலும் வரும். காயத்தைச் சுற்றிக் கறுத்து, வேகமாகப் பரவினால் ஒரு மணி நேரம்கூட முக்கியம். அறுவை சிகிச்சையும் ஆம்ஃபோடெரிசின் பி மருந்தும் சேர்ந்துதான் காப்பாற்றும்.

மண்ணிலிருந்து வரும் இன்னொரு தோல் நோய்க்குத் தமிழ்நாட்டு ஊரின் பெயரே இருக்கிறது: மதுரைக்கால். 1842-ல் மதுரையில் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர் கில் இதைப் பதிவு செய்தார். முள் குத்திய இடத்தில் வலியில்லாத கட்டி வந்து, துளைகள் விழுந்து, கடுகு மாதிரி மணிகள் வெளியே வரும். எதிர்ப்பு சக்தி நன்றாக இருக்கும் விவசாயிக்கும் வரக்கூடியது இது. உலக சுகாதார நிறுவனம் 2016-ல் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் இதைச் சேர்த்தது. 2022 அக்டோபரில் அதே நிறுவனம் வெளியிட்ட, உலகம் முன்னுரிமை கொடுக்க வேண்டிய 19 பூஞ்சைகளின் பட்டியலிலும் இந்த நோயை உண்டாக்குபவை இடம் பிடித்தன.

எங்கே போவது, என்ன டெஸ்ட்?

விழுப்புரம், திண்டிவனம் பகுதி மக்கள் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ காட்டலாம். தோல் நோய் நிபுணர் தேவைப்பட்டால் முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2010-ல் தொடங்கப்பட்ட கல்லூரி இது. சிக்கலான நிலையில் சுமார் 40 கி.மீ. தூரத்தில் புதுச்சேரி ஜிப்மர். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104 என்ற எண்ணில் கேட்கலாம்.

முதல் டெஸ்ட் ரொம்ப எளிமையானது. படையின் ஓரத்தில் மெதுவாகச் சுரண்டி, அந்தத் துகளில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். வலிக்காது, சிறிது நேரத்தில் முடிவு தெரியும். பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்டுக்கு இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். ஆழமான கட்டி என்றால் சின்னத் துண்டு எடுத்து பயாப்சி செய்வார்கள். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு இந்த டெஸ்டுகள் கட்டாயம் என்றே சொல்லலாம். ஏனென்றால் பார்த்தே சொல்லும் வழக்கமான அடையாளங்கள் இவர்களிடம் மாறியிருக்கும்.

ஒரு முன்னெச்சரிக்கை: டெஸ்டுக்குப் போகும் முன் கைக்குக் கிடைத்த க்ரீமைப் போட்டுக்கொண்டு போனால் பூஞ்சை இருந்தாலும் டெஸ்டில் தெரியாமல் போகலாம். போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சிகிச்சை எத்தனை நாள்?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். அரிப்பு நிற்பது வேறு, பூஞ்சை சாவது வேறு. உடம்பில் வரும் படர்தாமரைக்கு இப்போதெல்லாம் நான்கு முதல் ஆறு வாரம் வரைகூட சிகிச்சை தேவைப்படுகிறது. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு இன்னும் நீளலாம். க்ரீமைப் படை தெரியும் இடத்தில் மட்டும் இல்லாமல் அதைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் போட வேண்டும். கண்ணுக்கு மறைந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரை தொடர வேண்டும். கால் நகம் என்றால் மாத்திரை மூன்று மாதம், நகம் முழுசாக மாறி வளர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்.

இத்தனை வாரம் மருந்து வாங்கக் காசு ஆகும் என்பது நிஜமான கவலை. பாதியில் நிறுத்துவதற்கு அதுதான் முக்கியக் காரணமும்கூட. அரசு மருத்துவமனையில் கிடைப்பதை முதலில் கேளுங்கள். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் ஜெனரிக் மருந்துகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.

வீட்டில் என்ன செய்யணும்?

- துண்டு, உள்ளாடை, சோப்பு, சீப்பு தனித்தனியாக இருக்கட்டும். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு அரிப்பு என்றால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுங்கள். இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் திரும்பத் திரும்ப வரும்.
- நோயாளியின் துணியைச் சுடுதண்ணீரில் தனியாகத் துவைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி நல்ல வெயிலில் காய வையுங்கள். மழைக்காலத்தில் இஸ்திரி போட்டால் நல்லது.
- அரைஞாண் கயிறு ஈரத்தைப் பிடித்து வைக்கும். இடுப்பில் படர்தாமரை இருந்தால் குணமாகும் வரை கழற்றி வையுங்கள். சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் குறைந்தபட்சம் பழைய கயிறைத் தூக்கிப் போட்டுப் புதுசு மாற்றலாம்.
- பாவாடை நாடா, இறுக்கமான ஜீன்ஸ், லெகிங்ஸ் அழுத்தும் இடங்களைக் கவனியுங்கள். தளர்வான பருத்தித் துணியே நல்லது.
- குளித்ததும் அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, விரல் இடுக்கு ஆகியவற்றை ஒற்றித் துடைத்த பிறகு உடை போடுங்கள்.
- சர்க்கரை உள்ளவர்கள் தினம் இரவு ஒரு நிமிஷம் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் உள்ளவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.
- தோட்ட வேலை, குப்பை அள்ளுவது, வெள்ளத்துக்குப் பிறகு வீடு கழுவுவது ஆகியவற்றை எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் தவிர்ப்பது நல்லது. முடியாவிட்டால் கையுறையும் பூட்ஸும் போடுங்கள்.

சீமை அகத்தி, மஞ்சள், வேப்பிலை போடலாமா?

சீமை அகத்திக்கு வண்டுகொல்லி என்றே ஒரு பெயர் உண்டு. படர்தாமரைக்கு அதன் இலையை அரைத்துப் பூசுவது நம் ஊர் வழக்கம். அதில் பூஞ்சையை எதிர்க்கும் பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் பச்சிலையை அரைத்துப் போடும்போது எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்பதற்குக் கணக்கு கிடையாது. வெடித்த தோலில் கழுவாத அம்மியும் இலையும் புதுக் கிருமியைக் கொண்டு சேர்க்கலாம். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் இதை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. பூண்டு அரைத்துக் கட்டுவது தோலைச் சுட்டுவிடும். மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கம் போகவே கூடாது.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்குக் கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்:

- தோல் மாற்றத்தோடு காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம்
- காயத்தைச் சுற்றித் தோல் கறுப்பது, வேகமாகப் பரவுவது
- கால் சிவந்து சூடாக வீங்குவது, துர்நாற்றம், சீழ்
- தோலில் திடீரென்று பல இடங்களில் வலிக்கும் கட்டிகள் அல்லது நடுவில் குழி விழுந்த கொப்புளங்கள்
- வாயில் வெள்ளைப் படலத்தோடு விழுங்கும்போது வலி
- முகம் ஒரு பக்கம் வீங்குவது, கண் மங்குவது, மூக்கில் கறுப்புத் திரவம்

காய்ச்சல் எதுவும் இல்லாமல் வெறும் அரிப்பு, படை மட்டும் என்றாலும் ஒரு வாரத்துக்குள் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். மற்றவர்களுக்கு "பார்த்துக்கலாம்" என்பது சரியாக இருக்கலாம். இவர்களுக்கு இல்லை.

வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு வருஷமும் வரும். ஈரமும் வரும். பூஞ்சையை ஊரை விட்டே விரட்ட யாராலும் முடியாது. வீட்டில் சர்க்கரை உள்ள அப்பாவுக்கோ, மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் அண்ணனுக்கோ, கீமோ எடுக்கும் அத்தைக்கோ இன்று இரவு விரல் இடுக்கைப் பார்த்துவிடலாம். அலமாரியில் கிடக்கும் அந்தப் பாதி ட்யூபை எடுத்து அதன் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்றும் படித்துவிடலாம்.